வித்துவானும் வித்தைக்காரனும்: இசையோடு இயைந்த மாயக்கலை குறித்து ஒரு மொழியியல் நோக்கு



இசைக்கருவிகள் முழங்க மாயவித்தை காட்டும் கலையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது, நண்பர் ஒருவர், "மொழியியலாளருக்கு இதில் என்ன வேலை?" என்று வினவினார். நியாயமான வினாதான். அதற்கு விடை இரண்டு. முதலாவது, இக்கலையின் வரலாறு அதன் சொற்களிலேயே பொதிந்து கிடக்கிறது. இரண்டாவது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஆய்வேட்டில் நாமே செய்த பிழையொன்று இக்கலையைப் பற்றியதாகும். அதனை எழுத்தில் திருத்தும் வாய்ப்பு இதுவரை வாய்க்கவில்லை. இன்று இந்த அவையில் திருத்திக்கொள்ள விரும்புகிறோம். முதலில் சொற்களிலிருந்து தொடங்குவோம்.

சொல் காட்டும் உறவு

வீணையிலோ மிருதங்கத்திலோ தேர்ந்தவரை 'வித்துவான்' என்கிறோம். தெருமுனையில் பந்தை மறைத்துக் காட்டுபவரை 'வித்தைக்காரன்' என்கிறோம். முன்னவருக்குப் பொன்னாடை, பின்னவருக்குச் சில்லறைக் காசு. ஆயினும் இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. 'அறிதல்' என்னும் பொருளுடைய 'வித்' என்ற வடமொழி வேரிலிருந்தே 'வித்வான்', 'வித்யா' ஆகிய இரண்டும் தோன்றின. 'வித்யா' தமிழில் 'வித்தை' ஆயிற்று. கல்வியும் வித்தைதான், கைச்சாலமும் வித்தைதான். சமூகம் பிரித்துவைத்த இருவரைச் சொல் இன்னும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறது.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் 'ஜக்ளர்' என்னும் சொல் இன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிப்பவரைக் குறிக்கிறது. முற்காலத்தில் அது கைச்சாலம் செய்பவரையும் குறித்தது. இலண்டனுக்குச் சென்ற இந்தியக் கலைஞர்களின் திறனை வியந்து வில்லியம் ஹாஸ்லிட் 1821 இல் வெளியிட்ட கட்டுரைக்கு 'இந்திய ஜக்ளர்கள்' என்பதே தலைப்பு. அச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'யோகுலாத்தோர்' என்னும் சொல்லிலிருந்து வந்தது; விளையாட்டுக் காட்டுபவர் என்பது அதன் பொருள். அதே சொல்லிலிருந்து பிறந்த 'ஜோங்லர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லோ, இடைக்காலத்தில் ஊர் ஊராகச் சென்று யாழிசைத்துப் பாடியவரைக் குறித்தது. அவர் பாடுவார், கருவி இசைப்பார், கதை சொல்வார், வித்தையும் காட்டுவார். ஒருவரே செய்த தொழில்கள் பிற்காலத்தில் பிரிந்தபோது சொல்லும் இரண்டாகப் பிரிந்தது.

இன்னும் சில சான்றுகள் உண்டு. மயக்குதலைக் குறிக்கும் 'சார்ம்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் 'கார்மென்' என்னும் இலத்தீன் சொல். அதற்குப் பாட்டு என்று பொருள். 'என்சான்ட்' என்பதன் மூலமாகிய 'இன்கன்தாரே' என்பதிலும் பாடுதல் என்னும் வினை உள்ளது. வித்தைக்காரர் கைக்குட்டையை விலக்கும்போது கூவும் 'பிரெஸ்டோ' என்பது இத்தாலியச் சொல். இசை ஏட்டில் அதே சொல் 'மிக விரைவாக' என்று இசைஞருக்கு ஆணையிடுகிறது.

இனிக் கண்ணைப் பற்றிய சொற்களைக் காண்போம். தமிழில் 'கண்கட்டு வித்தை' என்கிறோம். மலாய் மொழியில் 'சிலாப் மாத்தா' என்கின்றனர். 'சிலாப்' என்பது பிழை, 'மாத்தா' என்பது கண். பாட்டின் வழியே இக்கலைக்குப் பெயரிட்டவை சில மொழிகள்; கண்ணின் பிழைவழியே பெயரிட்டவை வேறு சில. சப்பானியரின் மரபுவழி வித்தைக்குத் 'தெசுமா' என்று பெயர். கை என்னும் பொருளுடைய 'தெ' என்பதும், மின்னலைக் குறிக்கும் 'இனசுமா' என்பதும் இணைந்து அச்சொல் உருவானது என்பர். கை மின்னலாயினும் அக்கலை மௌனமாக நிகழ்வதில்லை. காகிதத்தால் செய்த வண்ணத்துப்பூச்சியை விசிறிக் காற்றில் பறக்கவிடும் அவர்களின் புகழ்பெற்ற வித்தைக்குச் சாமிசென் என்னும் நரம்புக் கருவியின் இசை துணைசெய்கிறது.

நம் சங்க இலக்கியத்திலும் இதற்குக் குறிப்பு உண்டு. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், காற்றில் அதிரும் வாகை நெற்றுகளின் ஒலிக்குக் கயிற்றின்மேல் ஆடுவோரின் பறையொலி உவமையாக வருகிறது. கயிற்றில் நடக்கும் காட்சியே வியப்புக்குரியது. ஆனால் புலவரின் நினைவில் தங்கியது அதனுடன் முழங்கிய பறை. பார்த்ததை மறந்தாலும் கேட்டதை மனம் விடுவதில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமா?

மகுடி யாரை மயக்குகிறது?

இசையையும் வித்தையையும் பிரிக்க முடியாதபடி இணைத்த கருவி நம்மிடையே ஒன்று உண்டு. அது மகுடி. காய்ந்த சுரைக்குடுக்கையில் இரு குழல்களைப் பொருத்தி அதனைச் செய்வர். ஒரு குழலில் துளைகள் உண்டு. அது பண்ணை இசைக்கும். மற்றொன்று மாறாத சுருதியை ஒலிக்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்தபடியே ஊதுவதால் இசை அறுபடாது. புன்னாகவராளி இராகத்தைக் கேட்டால் பாம்பு வரும் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை.

பாம்புக்குப் புறச்செவி இல்லை. தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணரவல்லது. ஆனால் நாம் இரசிப்பதுபோல் இராகத்தை இரசிப்பதற்கு அதற்கு வழியில்லை. அது தலையை அசைப்பது, ஊதுபவர் அசைக்கும் குடுக்கையின் போக்கைப் பின்தொடர்வதால். அப்படியாயின் மகுடியின் இசை யாருக்காக? சுற்றி நிற்கும் நமக்காக. மயங்குவது பாம்பென்று எண்ணிக்கொண்டு மயங்கி நிற்பவர் நாமே. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்ப் பாம்பாட்டும் தொழில் தேய்ந்தது. உயிரினங்களின் நலன் கருதிய அச்சட்டத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பாம்போடு சேர்ந்து அக்கருவியின் இசையும் தெருவிலிருந்து மறைந்தது. இன்று மகுடியை நாம் பெரும்பாலும் திரைப்படத்திலும், 'மகுடிக்குக் கட்டுண்ட பாம்பு போல' என்னும் உவமையிலும் மட்டுமே சந்திக்கிறோம்.

எச்சமும் முற்றும்

உடனிருந்து இசைப்பவர் வித்தைக்காரருக்கு என்ன செய்கிறார்? கூட்டத்தைச் சேர்க்கிறார், நாணயம் உராயும் ஒலியை மறைக்கிறார். இவை எல்லாரும் அறிந்தவை. மொழியியலார் கவனிக்க வேண்டியது மூன்றாவது பணி. அது காலத்தைப் பகுத்துத் தருவது.

தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வரும். அதனைக் கேட்கும்வரை மனம் காத்திருக்கும். தெருவித்தைக்காரரின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். "பந்தை எடுத்து, செப்புல போட்டு, மேல மூடி, மூணு தரம் தட்டி, வாயால ஊதி" என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வோர் எச்சமும் கேட்பவரின் கவனத்தை அடுத்ததற்கு இழுக்கும். இறுதியில், "திறந்தா... காணோம்!" என்று முற்று வரும். அந்த முற்றின்மேல் மேளத்தின் அடி விழும். அடி விழுந்த நொடியில் கூட்டம் மூச்சுவிடும், சிரிக்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். அடுத்த வித்தைக்கு வேண்டிய மறைவேலையை அவருடைய கை முடிப்பது அந்த நொடியில்தான். முற்றுப்பெற்றது என்று மனம் நம்பியபின் கண் காவலை விட்டுவிடுகிறது. கவனம் தளரும் இத்தருணத்தை மேனாட்டு வித்தைக்காரர்களும் 'ஆஃப்-பீட்' என்னும் இசைச் சொல்லாலேயே குறிக்கின்றனர்.

முற்று வராமற்போனால் என்ன நிகழும்? 1956 ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியின் நேரலையில் வங்கத்து வித்தகர் பி. சி. சர்க்கார், மேசைமேல் கிடத்திய பெண்ணை வட்ட இரம்பத்தால் அறுக்கும் வித்தையைக் காட்டினார். அப்பெண் எழுந்து நிற்குமுன் ஒளிபரப்பு நேரம் முடிந்துவிட, நிகழ்ச்சி சட்டென்று நிறைவுபெற்றது. பெண் இறந்துவிட்டாளோ என்று அஞ்சிய மக்களின் அழைப்புகள் அந்நிலையத்தில் குவிந்தன. அறுத்தல் என்னும் எச்சம் வந்தது. எழுந்தாள் என்னும் முற்று வரவில்லை. இலக்கணத்தில் குறையாக நின்ற தொடரொன்று அன்று ஒரு நாட்டையே கலங்கவைத்தது.

இசைஞர் உடன் இல்லாதபோது சிலர் அவரைக் கற்பனையால் படைத்துக்கொள்கின்றனர். 1942 இல் மாட்ரிட்டில் பிறந்த ஹுவான் தமாரிஸ், சீட்டு வித்தையின் உச்சத்தில் இல்லாத வயலினை எடுத்து, இல்லாத வில்லால் வாசித்து, அதன் ஒலியைத் தம் வாயாலேயே எழுப்புவார். அவையோர் சிரிப்பர். அவர்கள் சிரிப்பது வேடிக்கைக்காக. அவர் வாசிப்பது முற்றின்மேல் அடி விழ வேண்டும் என்பதற்காக. கொன்னக்கோலை அறிந்த நமக்கு, வாயே கருவியாகும் இம்முறை புதிதன்று.

நாம் செய்த பிழை

இனி நம் பிழைக்கு வருகிறோம். 1984 ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாக் காலத்தில், கள ஆய்வுக்காக மதுரையில் தங்கியிருந்தோம். தெருவணிகர் பேச்சின் தொடரமைப்பு என்பது ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. வைகைக் கரையில் வித்தை காட்டிய பெரியவர் ஒருவரைக் கண்டோம். வயது ஐம்பதைக் கடந்திருக்கும். அவருடைய அக்காள் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், பக்கத்தில் அமர்ந்து டோலக்கு வாசித்தான். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை நடக்கும் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டத்தை நிறுத்திவைத்தார். நடுவில் எழுந்துபோனால் இரத்தம் கக்குவாய் என்று அச்சுறுத்தினார். சண்டை கடைசிவரை நடக்கவேயில்லை. எவரும் எழுந்துபோகவுமில்லை.

மறுநாள் காலை, கூட்டமில்லாத வேளையில், ஒலிப்பதிவுக் கருவியோடு அவரிடம் சென்றோம். டோலக்கின் ஓசையில் சொற்கள் அமுங்கியதால் பையனை வாசிக்க வேண்டாம் என்றோம். பெரியவர் பேசத் தொடங்கினார். மூன்றாவது தொடரில் நின்றார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் நின்றார். கையிலிருந்த பந்தும் தவறி விழுந்தது. முதல்நாள் ஒரு மணிநேரம் மடை திறந்தாற்போல் பேசியவர், வெட்கத்தோடு நம்மைப் பார்த்து, "அவன் அடிக்காம எனக்கு வாய் வரமாட்டேங்குது, சார்" என்றார். நாமோ, சொற்கள் இருந்தால் போதும் என்று வற்புறுத்தி, எஞ்சியதை எப்படியோ பதிவு செய்துகொண்டோம்.

ஆய்வேட்டில் அப்பேச்சைப் பகுத்தபோது 'அப்புறம்', 'ஆகட்டும்', 'என்னப்பா சொல்றே' போன்றவை பொருளின்றி இடையிடையே வந்ததைக் கண்டு, அவற்றை நிரப்புச் சொற்கள் என்று வகைப்படுத்தினோம். வாய்மொழித் தேர்விலும் அதனை உறுதியாக எடுத்துரைத்தோம். பட்டமும் கிடைத்தது.

ஈராண்டு கழித்து வேறொரு பணிக்காக மதுரை சென்றபோது அவரைத் தேடிக் கண்டோம். நம் பகுப்பாய்வைப் பெருமையோடு எளிய சொற்களில் எடுத்துக் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் சும்மா சொல்றது இல்லை சார். ஜனங்களுக்குச் சொல்றதும் இல்லை. பயலுக்குச் சொல்றது. 'அப்புறம்'னா அடியை நிறுத்து. 'ஆகட்டும்'னா வேகமா அடி. 'என்னப்பா சொல்றே'ன்னா கை தவறிப்போச்சு, காப்பாத்துடா மருமகனேன்னு அர்த்தம்."

அவையோரே, நாம் பொருளற்றவை என்று ஒதுக்கிய சொற்களே அப்பேச்சில் மிகுந்த பொருளுடையவை. அவற்றை நோக்கிப் பேசப்பட்டவன் ஒருவன் இருந்தான். அவன் வாயால் விடை சொல்லவில்லை, விரலால் சொன்னான். நாம் அவனுடைய கையை நிறுத்திவிட்டு உரையாடலைத் தனிமொழியாகப் பதிவு செய்தோம். வடமொழியில் 'வாத்தியம்' என்னும் சொல் பேசுதல், ஒலித்தல் என்னும் பொருளுடைய 'வத்' என்ற வேரிலிருந்து பிறந்தது. பேச வைக்கப்படுவதே வாத்தியம். அதனை அறிந்திருந்தும், அக்கருவி பேசியதை நாம் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் இன்றில்லை. சிறுவன் என்ன ஆனான் என்பதையும் அறியோம். ஆய்வேடு நூலகத்தில் அப்படியே இருக்கிறது. அதில் அச்சொற்களைப் பற்றி எழுதிய பகுதி பிழையானது என்பதை இங்குப் பதிவு செய்கிறோம்.

நம் மண்ணில்

இசையும் வித்தையும் கூடிய மேடை நம் வட்டாரத்துக்கும் அந்நியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் பினாங்கில் பங்சாவான் நாடகம் உருவாயிற்று. காட்சித்திரை மாற்றும் இடைவேளையில் பாட்டு, நடனம், நகைச்சுவை, புதுமை வேடிக்கைகள் ஆகியவற்றை 'எக்ஸ்ட்ரா டேர்ன்' என்னும் பெயரில் நிகழ்த்துவர். நாடகத்துக்கு இசைத்த குழுவே இடைவேளைக்கும் இசைக்கும். சிங்கப்பூரில் 1923 இல் தொடங்கிய நியூ வோர்ல்டும், 1931 இல் தொடங்கிய கிரேட் வோர்ல்டும் பல இனத்தாரின் ஆடலும் பாடலும் வேடிக்கையும் ஒரே வளாகத்தில் கூடிய இடங்கள். நம் மூத்த தலைமுறையினர் பலர் அங்கே கண்டவற்றை இன்றும் நினைவுகூர்வர்.

இன்றைய நிலை வேறு. அண்மையில் குடியிருப்புப் பகுதி விழா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். தமிழ் இளைஞர் ஒருவர் வித்தை காட்டினார். நல்ல கைத்திறன். பின்னணியில் ஒலித்ததோ பதிவு செய்த இசை. நடுவில் ஒரு வளையம் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் குனிந்து எடுப்பதற்குள் இசை உச்சத்துக்குச் சென்று, முழங்கி, நின்றுவிட்டது. முற்று வந்துவிட்டது, எச்சம் இன்னும் அவர் கையில் இருந்தது. அவையில் சிலர் சிரித்தனர். அடுத்த நிகழ்ச்சிக்காக மேடையோரத்தில் தபேலாவை மடியில் வைத்துக்கொண்டு மற்றோர் இளைஞர் அமர்ந்திருந்தார். இருவரும் ஒரே பேட்டையினர். ஒருவரையொருவர் உதவிக்கு அழைக்கலாம் என்னும் எண்ணம் இருவருக்கும் எழவில்லை, ஏற்பாட்டாளருக்கும் எழவில்லை. பதிவு செய்த இசை தன் காலத்தில் ஓடும். தவறியவருக்காக அது காத்திருக்காது. வைகைக் கரையின் டோலக்குச் சிறுவனோ காத்திருந்தான்.

உடனிசைப்பவருக்குச் சன்மானம் தர வேண்டும், ஒத்திகைக்கு இடம் வேண்டும் என்பவற்றை நாம் அறியாமலில்லை. பதிவிசை மலிவானது, எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. ஒலியும் அசைவும் நொடி பிசகாமல் அமைந்த மேடைக்காட்சிகளுக்கு அதுவே ஏற்றதாகவும் இருக்கலாம். ஆனால் தமிழில் பேசி வித்தை காட்டுபவருக்கு, அவர் பேச்சைக் கேட்டு விடை சொல்லும் கை ஒன்று பக்கத்தில் வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, நம் மூத்தோரிடம் எஞ்சியிருக்கும் வித்தைச் சொற்களைத் தொகுக்க வேண்டும். சிறு செப்புகளில் பந்தை இட்டு மறைக்கும் 'செப்பிடுவித்தை' மக்கள் வழக்கில் 'செப்படி வித்தை' ஆகி, இன்று அரசியல் கட்டுரையில் ஏமாற்று வேலையைக் குறிக்கும் வசைச்சொல்லாக மட்டுமே வாழ்கிறது. அதன் பின்னால் ஒரு தொழில் இருந்தது என்பதை மாணவர் அறிய வேண்டும். இரண்டாவது, இத்தகைய வாய்மொழிக் கலைகளைப் பதிவு செய்யும் இளம் ஆய்வாளர், எக்காரணம் கொண்டும் மேளத்தை நிறுத்தச் சொல்லாதீர். சொல் தெளிவாகக் கேட்கவில்லையாயின் ஒலிவாங்கியை இன்னொன்று வையுங்கள். மூன்றாவது, இசை பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவரையும் வித்தை பயிலும் பிள்ளைகளுள் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்திப் பாருங்கள். ஒரு மாதம் பழகவிடுங்கள். அவர்களுக்கிடையே மூன்றாமவர்க்கு விளங்காத ஒரு சிறுமொழி தானாகப் பிறக்கும். அதனைக் குறித்து வைக்க மொழியியலாளர் எவரும் இல்லையென்றால் நம்மை அழையுங்கள், வருகிறோம். இம்முறை கேட்பதற்கு மட்டும் வருகிறோம்.